கரை முழுக்க விலக்கு

கழுத்து எரிந்தது. மீன்கூடையைச் சுமந்து பாறசாலைத் தெருவெல்லாம் நடந்த கழுத்து... மழை வலுத்ததும் லிஜி எதிரே தெரிந்த டெலிபோன் பூத்துக்குள் ஏறிவிட்டாள்.

“கூடையை வெளியே வை. கம்ப்யூட்டருக்கு மீன்நாற்றம் ஆகாது,” என்றான் பூத்துக்காரன் சுந்தரதாஸ்.

“அதுக்கு மூக்கும் உண்டா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தான். இமையெல்லாம் மழைத்துளி... உள்ளே அழுது வற்றிய கண்கள். 

“இங்கேருந்து துபாய்க்கு மெயில் போகுமா?” என்று கேட்டாள்.

அவள் அண்ணன் ஜினோ அங்கே சாரத்திலிருந்து விழுந்து செத்திருந்தான். உடலை அனுப்பவா, அங்கேயே அடக்கவா? வீட்டார் இரண்டு நாளுக்குள் மெயிலில் எழுதிச் சொல்ல வேண்டுமாம். தேவாலயத்துப் பள்ளியச்சனின் போனில் கம்பெனி சொன்னது அவ்வளவுதான். அதற்காக வள்ளத்தில் வந்த மீன் அழுகாமல் இருக்குமா? விற்க வந்துவிட்டாள்.

“உடலை அனுப்புங்க. அம்மை பாக்கணும்,” என்று எழுதச் சொன்னாள் லிஜி.

அவன் ஆங்கிலத்தில் அடித்தான். “சாயங்காலம் போயிரும். பேடிக்காதே.”

போன் பில்லுக்குப் பயந்து, நாளெல்லாம் சேரும் மெயிலை அந்தியில் ஒரே இணைப்பில் அனுப்புவது அவன் வழக்கம். மறுநாள் அந்தியில் இணைத்தபோது அவள் மெயில் திரும்பி வந்து கிடந்தது. இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டான். அவர்களுடைய மெஷினிலிருந்து எவனோ ஆயிரக்கணக்கில் விளம்பரம் அனுப்பினானாம். வெளிநாட்டில் யாரோ மெஷினையே கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். துபாய் கம்பெனி அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி அவர்கள் எழுதிய மெயிலும் திரும்பி வந்தது. துபாய்க்குப் போன் போட்டான்; விடுமுறை, யாரும் எடுக்கவில்லை.

அவள் ஊரான பொழியூருக்குக் கடைசி பஸ் புறப்பட நின்றிருந்தது. ‘பேடிக்காதே’ என்று தைரியம் சொன்ன வாய்... எந்த முகத்தோடு போவது? நாளைக்குச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டான்.

மறுநாள் அவளே வந்தாள்.

“அடக்கியாச்சாம். பதில் வரல்லண்ணு.”

அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. லிஜி கேட்டு நின்றாள்.

“ஒருத்தன் கெட்ட மீன் வித்தா எங்க கரை மீனையே சந்தையில ஆரும் தொடமாட்டாங்க. இது எனக்குப் புதுசில்ல. ஆனா நேத்தே உங்களுக்குத் தெரியும், இல்லியா?”

அதன்பிறகு தெருவின் எதிர்ச்சாரியிலேயே நடந்தாள். கூடை கண்ணிலிருந்து மறையும்வரை அவன் பார்த்து நிற்பான்... அவள் திரும்பமாட்டாள். ஐப்பசியில் துலாமழை வந்தபின் ஒருநாள், தானாகவே படியேறினாள்.

“பட்டியல்ல பேர் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு. தப்பு நடந்துபோச்சுண்ணு மட்டும் ஆரும் சொல்லல்ல... லிஜி, எனக்கு உன்னை இஷ்டம். உன்னைக் கல்யாணம் கெட்டணும்.”

மழை அவள் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

“எனக்கும் இஷ்டம் உண்டு. பொய் சொல்லமாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா அண்ணைக்கு நீ வந்து சொல்லியிருந்தா, நடந்தாவது திருவனந்தபுரம் போயி வேற இடத்திலேருந்து அனுப்பியிருப்பேன். எங்க அம்மை மகனைப் பாத்திருப்பா.”

அவன் தலை குனிந்தது.

“ஜினோவோட முகத்தை ஒருதடவை பாக்குறது... அதாக்கும் நீ அம்மைக்குப் பட்ட கடன். என்னைக் கெட்டினாலும் அது தீராது.”