ஒன்பது கிலோமீட்டர் கொலை

"அப்பா, இந்தக் கார் ஓடுமா?"

எட்டு வருடங்களுக்கு முன்பு இமொஜன் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு வயது ஆறு.

பல் டாக்டர் கிரான்ட் பாஸ்கோ சிரித்தார். "ஓடாம என்ன செல்லம்? ஒருநாள் உன்ன ட்ராக்ல ரெண்டு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

பக்கத்தில் பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் லெஸ் அதைக் கேட்டார்.

கிரான்ட் மறந்துபோனார். மற்ற இருவரும் மறக்கவில்லை.

இன்று...

பிலிப் ஐலண்ட், கௌஸ் போலீஸ் நிலையம். புதன்கிழமை காலை ஒன்பது மணி. போன் அலறியது.

கான்ஸ்டபிள் மெரன் டல்லி வாயிலிருந்த 'மீட் பை' பலகாரத் துண்டை அவசரமாக விழுங்கினாள்.

"சொல்லுங்க."

"ஒரு பிணம்..." என்றார் கிரான்ட். "என் ஷெட்ல. என் கார் மேல."

மெரன் ஏழு நிமிடத்தில் அங்கே இருந்தாள்.

"பிணம் எங்க?"

கிரான்ட் விரலை நீட்டினார்.

சிவப்பு நிற கெஸ்ட்ரல். மொத்தமே நூற்றிருபது கார்கள் செய்தார்கள். அதன் மூக்கு வலையில் ஒரு வெட்டுக்கிளி. ஆறு கால்களும் விறைத்து...

மெரன் தொப்பியைக் கழற்றினாள். மரியாதைக்காக அல்ல. தலை சொறிய.

"கிரான்ட், இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"அது பறந்து வந்து மோதல. கார்தான் பறந்து போய் மோதியிருக்கு. மீட்டரைப் பாருங்க. மாசாமாசம் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இப்ப நாப்பத்தேழு."

"அதனால?"

"அதனாலயா?" கிரான்ட் ஒரு ஸ்டூலில் சரிந்தார். "மத்த காரெல்லாம் ஷோரூம் வாசலைத் தாண்டினதும் விலை இறங்கும். இது தாண்டாம இருந்தா ஏறும். இன்னிக்கு ஒரு மணிக்கு சிட்னிலருந்து ஒருத்தர் வாங்க வர்றார். நாப்பதுக்குக் கீழ இருக்கணும்னு பேச்சு."

மெரன் உள்ளே எட்டிப் பார்த்தாள். ட்ராக்குக்காகவே செய்த கார். ஏசி இல்லை. ரேடியோ இல்லை. எடை குறையக் கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஒரு துணி நாடா. வேகத்துக்காகக் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் கழற்றியிருந்தான். மிச்சமிருந்த வேகத்தை கிரான்ட் கழற்றி வைத்திருந்தார்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. லெஸ்கிட்ட ஒண்ணு."

லெஸ் ஹான்ரஹன் கையைத் துடைத்தபடி வந்தார். அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் ரேஸ் மெக்கானிக். இப்போது ஓடாத கார்களுக்குக் காவல்காரர். ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருப்பு. வேலை போனால் அந்த அறையும் போகும்.

"நான்தான் எடுத்தேன்," என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"பாத்தீங்களா! திருட்டுக் கேஸ் போடுங்க. இன்னிக்கே ஷெட்டைக் காலி பண்ணட்டும்."

"இருங்க கிரான்ட். லெஸ், தனியாவா போனீங்க?"

"தனியாத்தான் மெரன்மா."

பொய்.

இரண்டு சீட்டிலும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை எட்டு வருடமாகக் கிழியாமல் இருந்தது. டிரைவர் உறை கசங்கியிருந்தது. பக்கத்து சீட் உறையும்!

மெரன் குனிந்தாள். சீட்டுக்கு அடியில் பள்ளிக்கூடப் பச்சை நிறத்தில் ஒரு தலைமுடி பேண்ட்.

லெஸ்ஸின் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று கண்கள் கெஞ்சின.

சாட்சிப் பொருளுக்கென்று மெரனிடம் பிளாஸ்டிக் பை இருந்தது. பேண்ட் அதற்குள் போகவில்லை. அவள் சட்டைப் பைக்குள் போனது.

"இங்கேருந்து ட்ராக் எவ்ளோ தூரம்?"

"ரோட்டுல எட்டு கிலோமீட்டர்," என்றார் லெஸ்.

"போக வரவே பதினாறு ஆகுமே. ஏறினது ஒம்பதுதானே?"

"ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போனேன். வீணா ஏத்த வேணாமேன்னு."

"திருடறதுலயும் சிக்கனமா?" கிரான்ட் பல்லைக் கடித்தார். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம்.

"ட்ராக் ஒரு ரவுண்டு நாலரை கிலோமீட்டர்," என்றாள் மெரன் மெதுவாக. "அப்ப, சரியா ரெண்டு ரவுண்டு."

ரெண்டு ரவுண்டு...

கிரான்ட்டின் வாய் திறந்தது. மூடவில்லை.

"லெஸ்... இமொஜனா?"

லெஸ் தரையைப் பார்த்தார்.

"வித்தாச்சுன்னதும் காருக்கு டாட்டா சொல்ல வந்தா. 'இது ஓடுமா லெஸ்?'னு கேட்டா. எட்டு வருஷமா அதே கேள்வி. ஓட்டியே காட்டிடலாம்னு தோணிச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் ட்ராக் திறந்திருந்துச்சு. டிக்கெட் வாங்கினேன். அவ்ளோதான். அவளைத் திட்டாதீங்க. கேஸ் என் மேலயே இருக்கட்டும்."

கிரான்ட்டின் போன் அடித்தது. சிட்னி!

"நெவில்... ஒரு தப்பு நடந்துபோச்சு. கார் ஒம்பது கிலோமீட்டர் ஓடிடுச்சு."

"என்னது, ஓடுச்சா?" நெவிலின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "நிஜமாவா? முழு வேகத்துல?"

"ட்ராக்ல. ரொம்ப ஸாரி..."

"யோவ், ஸாரியா? போன மாசம் ஒரு கெஸ்ட்ரல் வாங்கினேன். பன்னெண்டே கிலோமீட்டர். ஸ்டார்ட் பண்ணினதும் அத்தனை ஆயிலும் கம்பளத்துல! ஓடாம ஓடாம ரப்பர் சீல் எல்லாம் அப்பளமாப் போயிருக்கு. இப்ப ஊரெல்லாம் அதே கதை. ஓடற கெஸ்ட்ரல்தான் கிடைக்கல. இருபதாயிரம் டாலர் கூடப் போட்டுக்க!"

லெஸ் தொண்டையைச் செருமினார். "வாரம் ஒருதடவை எஞ்சினைச் சூடாக்கி, சக்கரத்தை உருட்டி வெச்சேன். கால் இருந்தும் நடக்க விடாத புள்ள மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

கிரான்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு. அதில் ஒன்பது தன் மகள் சிரித்த கிலோமீட்டர்கள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"நெவில்... நான் காரை விக்கல."

போனை வைத்தார்.

"கேஸ்?" என்றாள் மெரன்.

"என்ன கேஸ்?"

"ஷெட்?"

"லெஸ் இல்லன்னா இந்த ஷெட்ல என்ன இருக்கு?"

மெரன் வெளியே வந்தாள். வழியனுப்ப லெஸ்ஸும் வந்தார். பச்சை பேண்டை அவர் கையில் கிரான்ட் பார்க்காமல் திணித்துவிட்டு, மீதி மீட் பையைச் சாப்பிடக் கிளம்பினாள்.

பதினோரு நாட்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளியே போய்த் திரும்பிய லெஸ் ஷெட்டைத் திறந்தார்.

பிளாஸ்டிக் உறைகள் இரண்டும் குப்பைக் கூடையில் கிடந்தன. பக்கத்து சீட்டில் பச்சை நிறத்தில் இன்னொரு தலைமுடி பேண்ட். எஞ்சின் மூடியில் கை வைத்தார். இளஞ்சூடு.

மீட்டரைப் பார்த்தார். ஐம்பத்தாறு.

யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ட்ராக் ஓரத்தில் மேயும் வாத்துக்கள் வேண்டுமானால் பார்த்திருக்கலாம்.

துணியை எடுத்தவர் முன்பக்கம் போனார். மூக்கு வலையில் இரண்டாவது பிணம்.

இந்த முறை யாரும் போலீஸுக்குப் போன் செய்யவில்லை.