மூன்றாவது கம்ப்யூட்டர்

காப்பார் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்சாலை ஓரத்தில் அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. மழை எப்போதோ விட்டுவிட்டது...

ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தவர் மட்டும் அசையவில்லை.

பனங்குலை ஏற்ற லோரியில் வந்த நாகையா இறங்கிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே... தூங்கிட்டீங்களா?"

கதவைத் திறந்தார். பின்மண்டையில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது.

நாகையா அப்படியே சேற்றில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

செத்தவர் பெயர் திருச்செல்வம். பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு, படம் எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை.

பர்ஸைக் காணோம். போனைக் காணோம். லேப்டாப் பையைக் காணோம்.

"வழிப்பறி," என்றது போலீஸ்.

அந்த ஒரு வார்த்தையோடு ஃபைல் நின்றுபோனது.

*

அது தீபாவளிக்கு முன்பு நடந்தது.

தைப்பூசம் முடிந்த பிறகுதான் திருச்செல்வத்தின் மனைவி ரமணி மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். மலாய்ப் பத்திரங்களைத் தமிழாக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள்.

பழைய கம்ப்யூட்டர் இருமி இருமி ஓடியது. புதிதாக ஒரு லேப்டாப் வாங்கி வந்து, வழக்கமாக டைப் அடிக்கும் ப்ரோகிராமை அதில் ஏற்றினாள்.

ஏறவில்லை.

பினாங்கில் படிக்கும் மகள் ஷாமினிக்குப் போன் போட்டாள்.

"புதுசுல போட மாட்டேங்குதுடி. லிமிட் முடிஞ்சிடுச்சாம்."

"நம்மளோடது ஹோம் லைசன்ஸ்மா. வீட்டுல மூணு கம்ப்யூட்டருக்கு மேல போட முடியாது. ஒண்ணு உங்க பழைய பி.சி. ஒண்ணு என்னோடது. மூணாவது..."

ஷாமினி நிறுத்தினாள்.

"அப்பாவோட லேப்டாப். அதான் போயிடுச்சே... அதை ரிமூவ் பண்ணிட்டு புதுசைப் போடுங்கமா."

"எங்க ரிமூவ் பண்றது?"

"உங்க அக்கவுண்ட்ல போனா மூணு கம்ப்யூட்டர் பேரும் இருக்கும். பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும் பாருங்க."

ரமணி திறந்தாள். மூன்று பெயர்கள். மூன்றாவது, 'திரு லேப்டாப்'. அவரே வைத்த பெயர்.

சுட்டுவிரல் பட்டனுக்குப் போய் அப்படியே நின்றது.

"ஷாமினி... கீழ ஒரு தேதி போட்டிருக்கே. அது என்ன?"

"கடைசியா அந்த கம்ப்யூட்டர்ல யூஸ் பண்ணுன தேதிமா."

"இன்னைக்குன்னு இருக்கு."



"நல்லா பாருங்கமா. உங்க பி.சி.யோடதா இருக்கும்."

"இல்லடி. அப்பாவோடது."

*

"இந்த நிமிஷம் அதுல யாரோ தட்டிக்கிட்டிருக்கான் சார்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிவநேசன் ரமணி நீட்டிய போனைப் பார்த்தார். நல்ல மனிதர். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"புரியுது மேடம். ஆனா அது எங்க இருக்குன்னு இதுல இல்ல. அந்தக் கம்பெனிக்குத்தான் தெரியும். கம்பெனி வெளிநாட்ல. நான் மேல எழுதணும், மேல உள்ளவங்க அங்க எழுதணும், அவங்க லாயர் பார்க்கணும்..."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"பதில் வந்தா மாசக்கணக்கு. வராமலும் போகலாம்."

"நான் என்ன செய்யட்டும்?"

"ரிமூவ் மட்டும் பண்ணிடாதீங்க. நம்ம கையில இருக்கிறது அந்த ஒரு நூல்தான்."

வீட்டுக்கு வந்ததும் கம்பெனியின் உதவி மையத்துக்கு அவளே பேசினாள். ஒரு பெண் ஆங்கிலத்தில், தேன் குழைத்துப் பேசினாள்.

"மன்னிக்கணும் மேடம். இன்னொருவர் எங்கிருந்து பயன்படுத்துகிறார் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை."

"இன்னொருத்தர் இல்லைங்க. அது என் வீட்டுக்காரரோடது."

"அப்படியென்றால் அவரிடமே கேட்கலாமே மேடம்."

ரமணி போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறப்பாள். இன்று... மறுநாளும் இன்று... அவர் விரல் பட்ட இடத்தில் எவனோ ஒருவன் தினமும் விரல் வைக்கிறான். அவளால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

*

புதன்கிழமை காலை, காலிங் பெல் ஒலித்தது.

லோகன். தங்கை மலரின் கணவன். சுங்கை பூலோவில் கார் பட்டறை, வீடு கிள்ளானில். பிணவறையில் நின்று அடையாளம் காட்டியது அவன். கொள்ளி வைக்க ஆள் இல்லாதபோது சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்ததும் அவன்.

"மலர் பழம் குடுத்து விட்டா அக்கா. என்ன இப்படி எளைச்சிட்டீங்க?"

"உட்காருங்க லோகன். தேத்தண்ணி போடறேன்."

கோப்பையைக் கையில் கொடுத்த பிறகு, யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. சொன்னாள். மூன்று கம்ப்யூட்டர். லைசன்ஸ். தேதி.

லோகன் தேநீரைக் குடிக்காமல் கேட்டான்.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"இன்ஸ்பெக்டர் கிட்ட. அவரால ஒண்ணும் முடியலயாம்."

"முடியாதுக்கா. எவனோ திருடன் பழைய சாமான் பாசார்ல வித்திருப்பான், எவனோ வாங்கியிருப்பான். வாங்குனவன் கொலைகாரனா என்ன?"

"இருந்தாலும்..."

"தினமும் இதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா உங்களுக்கு மூளை கலங்கிடும். அண்ணனும் திரும்பி வரப்போறதில்ல. ரிமூவ் பண்ணுங்கக்கா. புதுசைப் போட்டு வேலையைப் பாருங்க."

"இன்ஸ்பெக்டர் வேணாம்னாரு."

"அவருக்கென்ன, அவர் வீட்டுல நிம்மதியா தூங்கறாரு. நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

அது உண்மை. அந்த உண்மைதான் அவளை உடைத்தது.

ரமணி லேப்டாப்பை இழுத்தாள். பட்டனைத் தொட்டாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

'திரு லேப்டாப் நீக்கப்பட்டது.'

அவரை இரண்டாவது முறை எரித்த மாதிரி இருந்தது.

"அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு," என்றான் லோகன். இப்போதுதான் தேநீரை உறிஞ்சினான்.

அவள் போன் லேசாக அதிர்ந்தது. ஒரு குறுஞ்செய்தி. உங்கள் கணக்கில் நுழைய ரகசிய எண் இது, யாருக்கும் சொல்லாதீர்கள் என்றது.

"என்னக்கா?"

"ஏதோ நம்பர் வந்திருக்கு."

"ஸ்கேம்லா. விடுங்க."

அடுத்த நிமிஷம் போன் ஒலித்தது.

திரையில் மலரின் பெயர்.

"அக்கா, பிஸியா இருக்கியா?"

"இல்ல, சொல்லு."

"உன் போனுக்கு இப்ப ஏதாச்சும் நம்பர் வந்துச்சா?"

ரமணி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"என்னான்னே தெரியலக்கா. கேட்டரிங் மெனு அடிச்சிக்கிட்டிருந்தேன். திடீர்னு ப்ரோகிராம் மூடிக்கிச்சு. மறுபடி உள்ள போகணும்னா போனுக்கு நம்பர் அனுப்பறேங்குது. என் போனுக்கு வரல. அதுல நம்பரோட கடைசி மட்டும் காட்டுது, பார்த்தா உன்னோடது மாதிரியே இருக்கு. அதான் கேட்டேன்."

"எந்த... எதுல அடிச்ச?"

"லேப்டாப்லதான். இவரு ஷா ஆலம்ல செகண்ட் ஹேண்ட் வாங்கிட்டு வந்தாரே, தீபாவளி சமயத்துல. உன்கிட்ட சொல்லல? நீ அப்ப இருந்த நெலமையில எப்படிச் சொல்றது."

எதிரே லோகன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"யாருக்கா?"

"மலர்."

"என்னவாம்?"

ரமணி சிரிக்க முயன்றாள். முகம் கேட்கவில்லை.

"ஏதோ சமையல் சந்தேகம். அடுப்புல வேற குழம்பு இருக்கு, பார்த்துட்டு வரேன்."

எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"மலரு, அப்படியே இரு. லேப்டாப்பை மூடாதே. அவருக்கு போன் பண்ணாதே. நான் நம்பர் அனுப்பறேன்."

"ஏன்கா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லடி."

போனை வைத்தாள். ஈரக் கையால் சிவநேசனுக்குத் தட்டினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

லேப்டாப் என் தங்கச்சி வீட்டுல இருக்கு. கிள்ளான். அவ வீட்டுக்காரர் இப்ப என் வீட்டுல.

பதில் உடனே வந்தது.

தங்கச்சிக்கு நம்பரைக் குடுங்க. மெஷின் திரும்ப உங்க லைசன்ஸ்ல வரட்டும், அதான் சாட்சி. கிள்ளானுக்கு ஆள் அனுப்பறேன். நான் உங்க வீட்டுக்கு வரேன். அவனைப் போக விடாதீங்க.

நம்பரை அனுப்பினாள். தங்கையின் புருஷனைத் தங்கை கையாலேயே கட்ட வைக்கும் நம்பர்...

வேறு வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

*

"கிளம்பறேன்க்கா." லோகன் கார் சாவியை எடுத்திருந்தான்.

"சாப்பிட்டுப் போங்க."

"இப்பவா? இன்னும் மத்தியானமே ஆகல."

"தனியா சாப்பிட முடியல லோகன். ஒரு வாய் சாப்பிடுங்க."

அவன் தயங்கினான். பிறகு உட்கார்ந்தான்.

கணவனைக் கொன்றவனுக்கு இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள்.

"இந்த மீன் குழம்புன்னா அண்ணனுக்கு உசுரு," என்றான் லோகன், பிசைந்துகொண்டே. "ஞாபகம் இருக்கா? சட்டியை வழிச்சு சாப்பிடுவாரு."

"இருக்கு."

"நல்ல மனுசன்க்கா. அவரு மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததில்ல."

"இன்னும் கொஞ்சம் சோறு?"

"போதும்."

"ரசமாச்சும் ஊத்திக்குங்க."

ஊற்றினாள். வாசலைப் பார்த்தாள். கீழே மோனோரயில் போகும் சத்தம். லிஃப்ட் சத்தம் வரவில்லை.

லோகனின் போன் அடித்தது. இடது கையால் எடுத்தான்.

"சொல்லு மலரு... என்ன? யாரு வந்திருக்கா? எதுக்கு? என்ன நம்பர்?"

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். ரமணியைப் பார்த்தான். போனை மேசையில் வைத்தான்.

"நம்பர்... நீங்க குடுத்தீங்களா?"

அவள் ரசப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"கேட்கறேன் இல்ல."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சோற்றுக் கையோடு அவன் அவள் தோளைப் பிடித்தான். அதே கை. செம்பனைத் தோட்டத்தில் பின்னாலிருந்து ஓங்கிய கை. அவள் திமிறினாள்.

"நான் சொல்றதைக் கேளுங்கக்கா. அண்ணன்தான் என்னை..."

"அதை என்கிட்ட சொல்லு," என்றது வாசலில் ஒரு குரல்.

அவள் தாழிடாமல் விட்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு சிவநேசன் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர். லோகனின் கை தானாகக் கீழே இறங்கியது.

*

மாலையில் மலர் போன் செய்தாள். அழவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நம்பரைக் குடுக்கும்போது உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும் மலரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"



"தெரியலக்கா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரமணி திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் ஒரே நாளில் கூடப்பிறந்தவளும் போய்விட்டாள். இதற்கு எந்த உதவி மையத்தைக் கூப்பிடுவது?

சிவநேசன் மறுநாள் வாக்குமூலம் வாங்க வந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். லோகனின் பட்டறையில் திருட்டுக் கார்கள் பாகம் பாகமாக வெட்டப்பட்டன. அங்கே அடிபட்ட ஒரு காரைப் பார்க்கப் போன திருச்செல்வம், அதன் சேசிஸ் நம்பர் ராவப்பட்டிருப்பதைக் கண்டு படம் எடுத்துவிட்டார். சொந்தம் என்பதால் போலீசுக்கு நேராகப் போகவில்லை. நீயே போய்ச் சரணடை என்று நாள் கொடுத்தார். ஒதுக்குப்புறமாகப் பேசலாம் என்று அழைத்தவனை நம்பிக் காரில் ஏற்றிக்கொண்டார்.

"நல்லதுக்குத்தானே சார் சொன்னாரு," என்றாள் ரமணி.

"ஆமா மேடம்."

"லேப்டாப்பை ஏன் தூக்கிப் போடல அவன்?"

"நல்ல மெஷின், மனசு வரலையாம். அத்தனை போட்டோவையும் அழிச்சிட்டான், உங்க வீட்டுக்காரர் பேரையே அழிச்சிட்டதா நெனச்சுட்டான். மெனு அடிக்க ஒண்ணு வேணும்னு மனைவி கேட்டதும், உங்க லைசன்ஸ் அதுல இருக்கிறது தெரியாம அப்படியே தூக்கிக் குடுத்திருக்கான்."

ரமணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய லேப்டாப் இன்னும் காலியாகவே இருந்தது.

சிவநேசன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஆளைத் தீர்த்துக் கட்டத் தெரிஞ்சவனுக்கு, ஒரு ப்ரோகிராமை அன்இன்ஸ்டால் பண்ணத் தெரியல மேடம்."