டோட்டோய் தோற்றுப்போன கேம் ஷோ

"இதெல்லாம் கேம் ஷோவே இல்ல," என்றான் பக்கத்து வீட்டு ரோடெல்.

அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த டிவிக்குள் உட்கார்ந்திருந்த டோட்டோயின் முகம் சுருங்கியது. அவனுக்கு ஆறு வயது. ஹாங்காங்கில் வேலை செய்யும் அம்மாவுக்கு இன்று பிறந்தநாள். "கேம் ஷோவுல வந்து வாழ்த்து சொல்வேன்" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அக்கா லிகாயா படம் பிடிக்கக் கையில் செல்போனோடு நின்றாள்.

"ஏன் இல்லையாம்?" என்றாள்.

"பெட்டிக்குள்ள உக்காந்து கையாட்டினா போதுமா? போட்டி எங்க? பரிசு எங்க? யாராவது தோக்கணும்ல?"

மணிலா டிவியில் மதியம் வரும் ஒரு ஷோவையும் ரோடெல் விடமாட்டான்.

"சரி, நீயே போட்டிக்கு வா," என்றாள் லிகாயா.

எதிர்க்கடை பெபாங் அத்தை, சர்க்கரை போட்டுப் பொரித்த வாழைப்பழக் குச்சி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள்.

"ஜெயிச்சவன்தான் பேசணும்," என்றான் ரோடெல்.

"எந்த ஷோவுலடா அப்படி? முதல்ல வீட்டு ஆளுங்களுக்கு வணக்கம். அப்புறந்தானே விளையாட்டு?" என்றாள் லிகாயா.

ரோடெல் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

டோட்டோய் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமாவுக்கு வணக்கம். டீச்சருக்கு வணக்கம். ரோடெல் வீட்டு நாய்க்கு வணக்கம். அம்மா, பிறந்தநாள் வாழ்த்து. நான் இப்ப நல்லா சாப்பிடறேன். பாகற்காய் மட்டும் இல்ல."

"விளையாட வந்தியா, ஊரையே விசாரிக்க வந்தியா?" என்றான் ரோடெல்.

விளையாட்டின் பெயர் 'கொண்டு வா'. பிறந்தநாள் விருந்துகளில் ஆடுவது. லிகாயா கேட்கும் பொருளை முதலில் கொண்டுவருபவர் ஜெயிப்பார்.

தம்பியின் பையில் பச்சைக் கோலி இருப்பது லிகாயாவுக்குத் தெரியும். அதைக் கேட்டால் போதும், அவன் ஜெயித்துவிடுவான். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் டோட்டோய் நிஜப் போட்டியாளன் போல ஒரு காலை முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிகாயா கோலியைக் கேட்கவில்லை.

"ஒரு நரைமுடி," என்றாள்.

டோட்டோய் கடைக்குப் பறந்தான். "அத்தை, ஒரு நரைமுடி குடுங்க."

"யாருக்குடா நரை?" போன வாரம்தான் பெபாங் அத்தை தலைக்குச் சாயம் பூசியிருந்தாள்.

அதற்குள் ரோடெல் நரைமுடியோடு வந்துவிட்டான். தலையைத் தடவியபடி அவன் தாத்தாவும் பின்னாலேயே வந்தார்.

சாயங்காலம் வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா கூப்பிட்டாள். "ஜெயிச்சியாடா கண்ணு?"

டோட்டோயின் வாய் நிறைய, ரோடெல் பிட்டுக் கொடுத்த வாழைப்பழம்.

"தோத்துட்டேம்மா," என்றான் பெருமையாக. "நெஜமான கேம் ஷோ!"