ஒருத்தி அதிகம்

லிஃப்ட் அலறியது.

அவள் உள்ளே கால் வைத்த நொடியில்தான். ஆறு பேர் தாங்கும் லிஃப்டில் ஏற்கெனவே நான்கு பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் எடை அதிகம் என்று சிவப்பு விளக்கு மினுக்கியது.

"கடைசியா ஏறினவங்க இறங்குங்கப்பா!" என்ற மேல்வீட்டு மாமா, அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அட, நீயாம்மா? காத்தடிச்சா பறந்துடுவே, உனக்குப் போய் கத்துதே!"

இறங்கினாள். சத்தம் நின்றது. தொந்தியும் தண்ணீர் கேனுமாக வாட்ச்மேன் ஏறிக்கொண்டார். லிஃப்ட் முனகாமல் போயிற்று.

மூன்றே மாதத்தில் அவள் பாதி ஆளாகியிருந்தாள். பார்லர் அக்கா கொடுத்த, பெயர் ஒட்டாத டப்பா மாத்திரை. முதலில் பசி போனது, பிறகு தூக்கம், பிறகு கொத்துக் கொத்தாக முடி. "இது இதயத்தைப் பிடிச்சிடும்மா, இன்னியோட நிறுத்திடுங்க" என்று மருந்துக்கடைக்காரர் எச்சரித்த பிறகும் இன்று மதியம் ஒன்று விழுங்கியிருந்தாள். ஒரே குறை, மகள் இப்போது மடியில் படுப்பதில்லை. "எலும்பு குத்துதும்மா. பழைய அம்மாதான் மெத்துமெத்துன்னு இருப்பா."

மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. ஈரச் சுவரின் வாசனையும், யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் நெடியும் சூழ, சில்லிட்ட கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக ஏறும்போதுதான், கீழே கனத்த காலடிகளும் துணி உரசும் சத்தமும் சேர்ந்து வருவதைக் கேட்டாள்.

சரக்... சரக்...

தெரிந்த சத்தம். முன்பு அவள் நடந்தால் தொடைகள் உரசி எழுந்த சத்தம். அதைக் கேட்டுத்தான் ஆபீஸில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அதைத் தொலைக்கத்தான் இத்தனை மாத்திரையும்.

"யாரது?"

மூச்சிரைப்பு மட்டும்.

நெஞ்சு தடதடத்தது. இடறியது. மறுபடி ஓடியது. கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். வெதுவெதுப்பாக ஏதோ தோளை உரசிக்கொண்டு கடந்தது. அவளுடைய பவுடர் வாசனை. அவளுடைய வியர்வை.

மேலே கதவு திறந்தது. மகளின் குதூகலக் கூச்சல். கதவு மூடியது.

அப்போது நெஞ்சின் தடதடப்பு நின்றது. மொத்தமாக. மார்பில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. படியில் கால் பட்டதே தெரியவில்லை.

மணி அடித்தாள்.

மகள் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் அவளை அறிந்த சாயலே இல்லை. மகளுக்குப் பின்னால் சோபா, பழைய பாரத்தில் கிறீச்சிட்டது. அதன் கைப்பிடியில் கொழுத்த ஒரு கை. விரலில், நிற்காமல் நழுவுகிறதென்று அவள் கழற்றி வைத்த மோதிரம். சதைக்குள் இறுகப் பதிந்திருந்தது.

மகள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, யாரோ ஒரு ஆன்ட்டி நிக்கிறாங்க. பாவம்மா, வெறும் எலும்பா இருக்காங்க."