சில்லென்று எரிந்த வயிறு

"வயிறு சில்லுனு இருக்கு" என்று தாசோம் சொன்னதும் அத்தை பில்சூனுக்கு நிம்மதி. தாசோமின் அம்மா யோங்நானுக்கோ பயம்.

அறுவடைப் பண்டிகைக் காலை. முன்னோர் படையலுக்குக் கொழுந்தன்மார் வந்து சேரும் நேரம். யோங்நானின் கணவர் கப்பல் வேலையில்.

"கேட்டியா? சில்லுனு இருக்காம்! நீதான் விடிஞ்சா போதும், பசிக்குதா, தாகமா, ஒண்ணுக்கு வருதான்னு... பத்தொன்பது வயசுப் பொண்ணுடி!" என்றாள் பில்சூன்.

புசான் துறைமுகத்தில் கருவாட்டுக் கடை பில்சூனுக்கு. வந்தவர் யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை; தம்பி மனைவியைத் திட்டாமல் விட்டதும் இல்லை.

தாசோமுக்கு ஆட்டிசம். பசியோ காய்ச்சலோ உடம்புக்குள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். அவளுக்குத்தான் தகவல் போகாது. அம்மாதான் முகம் பார்த்து, நடை பார்த்துக் கண்டுபிடிப்பாள். இப்போது மகள் வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றாள். மேலுதட்டில் வியர்வை.

"அண்ணி... இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"படையலைப் பாதியில போட்டுட்டா? சில்லுனு இருக்குன்னு அவளே சொல்றாளே! வாசலைத் தாண்டினா திரும்பி வராத!"

யோங்நானின் கண் நிறைந்தது. மகளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. ஆஸ்பத்திரியில் உடனே அறுவை செய்தார்கள். விஷயத்தைத் தொலைபேசியில் கேட்ட பில்சூன், பண்டிகைப் பட்டுடுப்போடும் தூக்குச்சட்டியோடும் மதியம் ஓடி வந்தாள்.

"சில்லுனு இருக்குன்னு சொன்னாளேடி... நம்பிட்டேனே பாவி!"

"சின்னதுல இவள வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு நீங்கதான கூட்டிட்டுப் போவீங்க? கொதிக்கிற தொட்டியில இறங்கி, 'ஆஹா, சில்லுனு இருக்கு!'ம்பீங்க. சுடச்சுட சூப் குடிச்சு இதமா இருந்தாலும் நாம எல்லாருமே அதைத்தான சொல்றோம்? எரியிறதுக்குப் பேரே அதுன்னு அவ நினைச்சுக்கிட்டா, அண்ணி."

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனையோ தடவ சொன்னேன். நீங்க விலைய இறக்கவே இல்ல."

வாழ்நாளில் பில்சூன் தோற்ற முதல் பேரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அழுதுகொண்டே தாசோமைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தாள்.

"தொடாதீங்க அத்தை. பக்கத்துல உக்காருங்க, போதும்" என்றாள் தாசோம், கண்ணைத் திறக்காமல்.

நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அப்படியே திரும்பி யோங்நானை இழுத்து அணைத்துக்கொண்டன.

"உன்னைப் போய் வராதன்னுட்டேனேடி... அது உன் வீடு. நான்தான் ஒண்டிக்கிட்டு இருக்கேன்..."

"விடுங்க அண்ணி, மூச்சு முட்டுது!"

மூக்கைச் சிந்திவிட்டுப் பில்சூன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். புதுச் சோறு, முள்ளங்கி சூப். ஒரு கரண்டி அள்ளி யோங்நானின் வாயருகே நீட்டினாள்.

யோங்நான் பதறிப் பின்வாங்கினாள். "ஐயோ, இன்னும் படைக்கவே இல்லையே! முன்னோருக்கு முன்னாடி நானா?"

"அவங்க செத்தவங்கடி, எங்க ஓடிடப் போறாங்க? காத்திருக்கட்டும். நீ வாயத் திற!"