பூவுக்கு அடியில்

நாட்காட்டி அச்சகத்தின் முதலாளி குடையை மடக்கக்கூட மறந்து துப்பறிவாளரின் அறைக்குள் வந்தார். மழைக்காலப் பக்கத்துக்கு அவரிடம் வந்திருந்தது ஒரே படம். அதை வரைந்ததாகச் சொல்பவர்களோ இரண்டு பேர். ஒருவர் பத்து வருடமாக அங்கே இருக்கும் மூத்த ஓவியர். மற்றவள் போன மாதம் சேர்ந்த பெண்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். பூ, பூனைன்னு தனித்தனி லேயரா வரைஞ்சதை எல்லாம் ஒண்ணாச் சேர்த்த கோப்புதான் மிச்சம். பொய் சொன்னவங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும். எனக்கென்னவோ அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்."

துப்பறிவாளர் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய மச்சினன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். படத்தில் மழையில் நனைந்த வாசல். அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. மழை லில்லிக் கொத்து ஒன்று அதன் வலது முன்னங்காலை மறைத்திருந்தது. பின்னால் ஈரத் தரையில் அது நடந்து வந்த பாதச் சுவடுகள்.

"சுவடு கணக்கு இடிக்குது, அத்தான். அவசரத்துல வரைஞ்சிருக்காங்க" என்றான் மச்சினன், பெரிய துப்பு கிடைத்த மிதப்பில்.

அத்தான் சுவடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். அச்சகத்துக்குப் போய் ஓவியர்கள் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்.

"பூவை எடுத்துட்டா அடியில என்ன இருக்கும்? தாள்ல வரைஞ்சு காட்டுங்க."

மூத்தவர் இரண்டே நிமிடத்தில் முடித்தார். மெத்தென்ற பாதமும் நகமுமாக அச்சு அசலாக ஒரு கால். அந்தப் பெண் வெகு நேரம் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள். அவள் தாளில் தோள் வளைந்து மார்போடு முடிந்தது, காலே இல்லை. வேலை போயிற்று, பாவம் என்று மச்சினன் நினைத்துக்கொண்டான்.

துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டினார்.

"மச்சான் சொன்ன மாதிரி கணக்கு இடிக்கத்தான் செய்யுது. பின்பாதம் ரெண்டும் பதிஞ்சிருக்கு. முன்பாதம் இடது மட்டும். வாசல் முழுக்க அப்படித்தான். அவசரத்துல விடறவங்க ஒவ்வொரு தடவையும் அதே காலை விடமாட்டாங்க. இது மூணு கால் பூனை. வரைஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்."

மூத்தவர் அப்போதுதான் சுவடுகளை எண்ணத் தொடங்கினார்.

முதலாளி பெண்ணின் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏம்மா பூவை வச்சு மறைச்சே?"

"இது எங்க வீட்டுப் பூனை, சார். வர்றவங்க எல்லாரும் அவளோட இல்லாத காலைத்தான் பார்க்கறாங்க. ஒரு தடவையாவது அவ கண்ணைப் பார்க்கட்டும்னுதான்."

மச்சினன் டேப்லெட்டை மறுபடி கையில் வாங்கினான். பூனையின் கண்கள் பச்சை. இவ்வளவு நேரம் அவன் அதைக் கவனிக்கவே இல்லை.