மாற்றிப் போட்ட கொப்பு

அருகே வாருங்கள், கண்ணுகளா. கடைசியில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மலைமேல் காணாமல் போன ஒரு மணியைத் தேடிப் போன கதை சொல்கிறேன். நடுவில் மனசு வலிக்கும். வலிக்கிறதே என்று பாதியில் எழுந்து போய்விடக் கூடாது, சரியா?

மூங்கிலணை என்று மலையடியில் ஒரு ஊர். அங்கே பேச்சி என்று ஒரு பெண், வயது பதின்மூன்று. அவளுக்கு ஐந்து வயதானபோது ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. தேன் எடுக்கும் அவள் அப்பா குருவனை அது கொண்டுபோய்விட்டது. பேச்சி பிழைத்தாள். ஆனால் மூன்று வருடம் கயிற்றுக் கட்டிலே கதி! கால்கள் இரண்டும் விறகுக் குச்சி மாதிரி ஆகிவிட்டன.

அவளை எழுப்பி நிறுத்தியவள் பெரியம்மா மகள் ராக்கு. பேச்சியைவிட மூன்று வயது மூத்தவள்.

"இருபது எட்டு வை. நில்லு. பத்து மூச்சு விடு. மறுபடி இருபது. அழுதேன்னா விட்டுட்டுப் போயிருவேன், ஆமா!"

முதல் நாள் வாசல்படி வரை. அப்புறம் புளியமரம் வரை. ஒரு வருடம் கழித்து, மலையின் முதல் பாறை! அதன்மேல் ஏறி நின்று பேச்சி சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டு ஓடின. அன்றிலிருந்து மலையில் கால் வைக்காத நாள் அவளுக்கு நாளாகவே படவில்லை. ஏற ஏறப் பசித்தது. பசிக்கப் பசிக்கக் காலில் சதை பிடித்தது.

ஒரே ஒரு முள் மட்டும் நெஞ்சில் இருந்தது. குருவன் இறந்த அதே வாரம்தான் கோயில் மணி காணாமல் போயிருந்தது. "வித்துத் தின்னுட்டான். சாமி சும்மா விடுமா?" என்று ஊர் பேசியது. எட்டு வருடமாகப் பேசியது. பேச்சி தண்ணீர்க் குழாய்க்குப் போனால்கூட, "மணிக்காரன் மக வர்றா" என்பார்கள்.

அப்படியிருக்க, பேச்சி வீட்டுக் கூரையைப் பிரித்து வேயும்போது ஓலைக்குள்ளிருந்து ஒரு தகர மூடி விழுந்தது. அதில் ஆணியால் கீறிய படம். ஓர் அருவி, பக்கத்தில் ஒரு இச்சிமரம், மரத்துக்குக் கீழே பாறை இடுக்கில் ஒரு மணி!

"அந்த அருவி எனக்குத் தெரியும்," என்றான் ராக்குவின் தம்பி சொக்கன். "தேனெடுக்கப் போறவுக கூடப் போயிருக்கேன். ரெண்டு மலை தாண்டணும்."

"அப்பா விக்கலக்கா! ஊரே காய்ச்சல்ல கெடந்தப்ப களவாணிப் பயலுகளுக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருக்காரு!" பேச்சி மூடியை ராக்குவிடம் நீட்டினாள். "இந்தா, மூடிய நீயே வச்சுக்க. என் கையில இருந்தா தொலச்சிருவேன்."

விடிந்ததும் மூவரும் கிளம்பினார்கள். கயிறு, கேப்பைக் களி, ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர். உச்சி வெயிலுக்குள் அக்காவும் தம்பியும் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். பேச்சிக்குக் கவலையில்லை. எட்டு வைத்தாள், நின்றாள், மூச்சு விட்டாள்.

அந்த மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். தடம் இரண்டாகப் பிரிந்தால், முன்னால் போகிறவர்கள் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்துத் தாங்கள் போகாத தடத்தின் குறுக்கே போட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் கொப்பு இல்லாத தடத்தில் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அந்த மலையில் கொப்பை மாற்றிப் போட்டதில்லை.

தடம் பிரியும் இடம் வந்தது. வலதுபக்கத் தடத்தில் கொப்பு கிடந்தது. பேச்சி இடதுபக்கம் திரும்பினாள்.

நூறு எட்டு போயிருப்பாள். முகத்தில் சிலந்தி வலை அப்பியது! துடைத்துக்கொண்டு நடந்தாள். மறுபடி ஒரு வலை. மறுபடியும்! சட்டென்று நின்றாள். முன்னால் இரண்டு பேர் போயிருந்தால், முக உயரத்து வலை எப்படி அறுபடாமல் இருக்கும்?

கொப்பு காற்றில் நகர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஓடியது அன்றைக்குத்தான் முதல் முறை. கொப்பின் அடிக்காம்பில், காற்றில் நகராதபடி, தலையளவு கல் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

பேச்சி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடக்கக் கற்றுக்கொடுத்த கை வைத்த கல்! கட்டிலில் கிடந்தபோதுகூட அவளுக்கு இப்படி உடம்பு கனத்ததில்லை. வீட்டுக்குப் போய்விடலாமா? போனால் அப்பா திருடனாகவே இருப்பார். எழுந்தாள். கொப்பைத் தாண்டி வலது தடத்தில் கால் வைத்தாள். இருபது எட்டு. பத்து மூச்சு.

அருவிச் சத்தத்துக்கு மேலே சொக்கனின் அலறல் கேட்டது. அவன் இச்சிமரத்தடியில் நின்றான். உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், பாத அகலமே உள்ள பாறை விளிம்பில் ராக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். கணுக்கால் பிசகியிருந்தது.

"இழுக்க முடியல பேச்சி! அவ அசைய மாட்டேங்குறா!"

"கயிற மரத்துல சுத்திக் கட்டுண்ணே. நான் எறங்குறேன்."

"நீயா? உனக்கு மூச்சு வாங்குமே!"

"வாங்கட்டும். வாங்குனா நிப்பேன்."

இறங்கினாள். ஒவ்வொரு எட்டுக்கும் நின்று, மூச்சு விட்டு, இறங்கினாள். ராக்கு கண்ணைத் திறக்கவில்லை.

"நீ ஏன் வந்த?" என்றாள்.

"ஏங்க்கா மாத்திப் போட்ட?"

"சொக்கன முன்னால விட்டுட்டு நாந்தான் போட்டேன். மணியக் கொண்டாந்தவளுக்குத்தான கோயில்ல மொத மரியாதை. எல்லாரும் பேச்சி நடக்குறா, பேச்சி ஏறுறான்னு உன்னையத்தான் பாக்குறாக. உன்னைய நடக்க வச்சவளப் பாத்து ஒருத்தராவது ஒரு வார்த்த சொல்லியிருக்காகளா?"

பேச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது இதுதான்: "ஒரு எட்டு வை. நில்லு. பத்து மூச்சு விடு."

ராக்கு அழுதாள்.

"அழுதேன்னா விட்டுட்டுப் போயிருவேன், ஆமா!"

மேலே ஏறிச் சேர்வதற்குள் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பிறகு பேச்சி தனியே மறுபடி இறங்கினாள். விளிம்புக்குப் பின்னால், வேர்கள் மூடிய பொந்துக்குள், இருந்தது மணி! சத்தம் வராதபடி அதன் நாக்கில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. நீலக்கரைத் துண்டு. அப்பாவின் துண்டு. அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். தேன் வாசனை இல்லை. மண் வாசனைதான் இருந்தது. போதும்.

அன்றிரவு இச்சிமரத்தடியிலேயே தங்கினார்கள். விடிந்ததும் மணியைக் கம்பில் கட்டிப் பேச்சியும் சொக்கனும் தோளில் சுமந்தார்கள். பின்னால் ராக்கு கழியை ஊன்றி நொண்டி வந்தாள். இருபது எட்டு வைத்ததும் மூவரும் நின்றார்கள். தடம் பிரியும் இடத்தில் அந்தக் கொப்பு வாடிக் கிடந்தது.

"எடுத்துப் போடுக்கா," என்றாள் பேச்சி, திரும்பிப் பார்க்காமல்.

கல் உருண்ட சத்தம் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் கூடிவிட்டது. "யாரு கண்டுபிடிச்சது?" என்று பூசாரி கேட்டார். ராக்கு கழியை ஊன்றி முன்னால் வந்தாள். "குருவன் சித்தப்பா பத்திரமா வச்சிருந்தாரு. அவரு மக போயி எடுத்தா," என்றாள். கொப்பைப் பற்றி அவள் சொல்லவில்லை. பேச்சியும் சொல்லவில்லை. துண்டை அவிழ்த்துப் பேச்சி மணியை அடித்தாள். எட்டு வருடத்துப் பேச்சு அந்தச் சத்தத்தில் அடங்கியது!

மறுநாள் காலை பேச்சி மலை ஏறினாள். ராக்குவைக் கூப்பிடவில்லை. கூப்பிட மனசு வரவில்லை. தனியாகத்தான் ஏறினாள். காற்று அடித்தது, கால் வலித்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. தடம் பிரியும் இடத்தில் நின்றாள். பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்தாள். தான் போகாத இடது தடத்தின் குறுக்கே போட்டாள், சரியாக. பின்னால் யாராவது வரலாம் இல்லையா?

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் கால்கள் உரமாக இருக்கட்டும். உங்கள் வீட்டு அடுப்பில் களி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டார் போகும் தடத்தில் யாரும் கொப்பை மாற்றிப் போடாமல் இருக்கட்டும். போட்டாலும், உங்கள் வீட்டுக் கையால் போடும் கொப்பு என்றைக்கும் சரியான தடத்தைக் காட்டட்டும்.